அம்மனுக்கு என்று சொன்ன புடவை

நேற்று மகள் மஞ்சளில் நனைத்துப் போட்ட சிவப்புப் புடவை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் சுனைக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, காத்தான் சீட்டு எழுத உட்கார்ந்தான். அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். இன்று அவனுக்குக் கை ஓடவில்லை.

"பாப்பாயி கண்ணு, சாமைச்சோறு பானையில இருக்குது. உச்சிப்பொழுதுக்குத் திண்ணனூர் இருசாயி வருவா, நான்தான் வரச் சொன்னேன். அவளுக்குச் சோறு போடு. சேந்தமங்கலத்துல வாங்கின புடவை அம்மனுக்கில்ல, அவளுக்கு. நீ கேட்டதும் வெக்கத்துல பொய் சொல்லிட்டேன். இனி அது அம்மனுக்குத்தான், கோயிலுக்கே கொண்டுபோ."

மடித்தவன் மறுபடி பிரித்தான்.

"உங்கம்மா வளையல்காரனோட மலையிறங்கிப் போனா. அப்புறம் அவ காய்ச்சல்ல செத்துப்போனதாச் சேதி வந்துது. அன்னிக்கு, நமக்கு இனி யாரும் வேண்டாஞ் சாமின்னு உன் தலையில கை வெச்சுச் சொன்னவன் நான். இப்ப இருசாயிகூடப் பேசினாத்தான் எனக்குப் பசியே எடுக்குது. உனக்கு மூஞ்சியக் காட்ட முடியாம மொளகுக்காட்டுக்குப் போறேன்."

மிச்சமிருந்த அடியோரத்தில் நுணுக்கி எழுதினான்:

"அம்மன் பேரச் சொன்ன பொய்க்குப் புடவையக் குடுத்தாச்சு. உன் தலையில அடிச்ச சத்தியத்துக்கு என்னத்தக் குடுப்பேன், கண்ணு?"