துவைத்த கயிறு

என் செல்ல வெட்டுக்கிளிக்கு,

அத்தை எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறது. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் நீ மேலே படிப்பாய். நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை. அதுதான் உன் கடிதம் பூராவும் கொட்டிக் கிடக்கிறதே.

வியாழக்கிழமை கைக்கு வந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் நான், நாலு தடவை படித்தேன். நம் கல்லூரி மைதானத்தில் நானூறு மீட்டரை ஐம்பத்தேழு நொடி சொச்சத்தில் ஓடிய நீ, அந்தப் பயிற்சி முகாமில் எத்தனை முறை ஓடினாலும் ஐம்பத்தெட்டுக்குக் கீழே வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். கூட இருக்கிற பெண்கள், உங்க காலேஜ் கடிகாரத்தையும் கையோட கொண்டாந்திருக்கலாமே என்று கேலி பேசுகிறார்களாம். மாதக் கடைசியில் நடக்கும் தேர்வு ஓட்டத்துக்கு நிற்காமல் வந்துவிடப் போகிறாயாம். இனி ஓட்டமே வேண்டாமாம். கடைசியில் ஒரு வரி, அங்க மாமாவ நெனச்சு ஓடினேன், இங்க அவர் இல்ல போலிருக்கு என்று.

பையைக் கட்டாதே. கட்டியிருந்தால் அவிழ். உன் காலில் ஒரு குறையும் இல்லை கண்ணு. குறை என் கையில். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லலாம்தான். ஆரம்பித்தால் நானும் அழுவேன், நீயும் அழுவாய், அங்கே கொடுக்கிற பத்து நிமிஷமும் மூக்கைச் சிந்துவதிலேயே போய்விடும். நம் கல்லூரி கோச் நாளை மறுநாள் உன்னைப் பார்க்க வருகிறார். அவரையே சொல்லச் சொன்னேன். நீங்களே எழுதிக் குடுங்கம்மா, நான் சொன்னா அவளைத் தேத்துறதுக்குக் கதை விடுறேன்னு நெனப்பா என்றுவிட்டார். பிழை இருந்தால் சிரித்துக்கொள். திருத்தி எனக்கே அனுப்பி வைக்காதே.

மாமாவின் கயிறு உனக்குத் தெரியும். மைதானத்துக்காரருக்கென்று கல்லூரி கொடுத்த நம் அறையில், ஈட்டிகள் சாத்தியிருக்கிற மூலையில், பெரிய ஆணியில் தொங்குமே, அந்த நூல் கயிறு. மைதானத்தின் இரண்டு வளைவையும் அதை வைத்துத்தான் போடுவார். ஒரு முனையை நடு முளையில் மாட்டி, மறு முனையை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிப் போனால் வளைவு தானாக விழும். இங்கே வேலை பார்த்த பதினெட்டு வருஷமும் அதே கயிறு. மழை தூறினால் தன் தலையை விட்டுவிட்டு, கயிற்றைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு ஓடி வருவார். கட்டின பொண்டாட்டியை ஒரு நாளாவது இப்படிப் பொத்திக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா என்று கேட்பேன். நீ நனைஞ்சா காஞ்சிடுவே என்று சிரிப்பார். கயிறு நனைந்தால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் போய் இரண்டாவது மாதம். அவருடைய சட்டைகளை எல்லாம் அவர் தம்பி வந்து எடுத்துப் போய்விட்டான். விடிந்தால் சுண்ணாம்பும் புல்கறையுமாக ஒரு சட்டையைக் கசக்கிப் பழகின கை, சும்மா இருக்க மாட்டேன் என்றது. என் புடவையைத் துவைத்தேன், திரைச்சீலையைத் துவைத்தேன், கால்பந்துக்காரப் பையன்களின் காலுறையைக்கூட வாங்கித் துவைத்தேன். அவருடையது என்று துவைக்க ஒன்றும் இல்லை. அப்போதுதான் கண்ணில் பட்டது அந்தக் கயிறு. அவர் கை பிடிக்கிற இடத்தில் அழுக்கேறிக் கறுத்திருந்தது. கொதிக்கிற தண்ணீரில் சோப்புத் தூள் போட்டு ஊறவைத்து, அடித்துத் துவைத்து, வெயிலில் உலர்த்தினேன். யாரோ மல்லாந்து படுத்திருக்கிற மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. அன்றைக்கு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

புது ஆள் வைக்கிற வரைக்கும் நீங்களே கோடு போடுங்கம்மா என்று கல்லூரி முதல்வர் சொன்னாரே, அந்தக் கயிற்றை வைத்துத்தான் போட்டேன்.

மிச்சம் உனக்கே தெரியும். கல்லூரிப் பணத்தைப் பூட்டி வைத்திருக்கிற நம் பூட்டு சார், இந்த வருஷத்தில் மூன்று அணிக்குப் பணம் இல்லை, இரண்டுக்குத்தான் என்று விளையாட்டுக் குழுவில் சொல்லியிருந்தார். கால்பந்து விளையாடுவதைப் பார்க்க டிக்கெட் வாங்குகிறார்கள், சட்டையில் பெயின்ட் கம்பெனிக்காரன் பெயர் போடப் பணம் கொடுக்கிறான், வலைப்பந்துக்குச் செலவே ஒரு பந்தும் ஒரு வலையும். ஏழு பேர் ஓடுறதுக்கு ஒரு பஸ்ஸா, அவங்களே ஓடிப் போயிடலாமே என்று அவர் கேட்டதை நீ நடித்துக் காட்டினாயே, நான் மாமா போன பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தேன். கடைசியில், தகுதி நேரத்துக்குள் ஓடுகிற பிள்ளை ஒன்று இருந்தால் விளையாட்டு வாரியம் பாதிச் செலவைக் கொடுக்கும், அப்படி ஒரு பிள்ளை இருந்தால் ஓட்ட அணி இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். தகுதி நேரம் ஐம்பத்தேழரை. குழு முழுக்க நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க, நீ அதற்குள் ஓடிவிட்டாய். நீ மட்டுமா, ஏழு பேரும் அன்றைக்கு என்றுமில்லாத வேகத்தில் ஓடினீர்கள். கோச் மைக்கைப் பிடித்து, நம்ம மைதானத்துக்காரர்தான் இன்னிக்கு இவங்க கூட ஓடியிருக்கார் என்று சொன்னபோது நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். நீயும் வந்து கட்டிக்கொண்டாய்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் சும்மா மைதானத்தைச் சுற்றி நடந்தேன். நான் போட்ட கோட்டுக்கு வெளியே, வளைவை ஒட்டி, புல் முளைக்காத ஒரு தடம் போகிறது. வருஷக்கணக்காகச் சுண்ணாம்பில் வெந்த இடம். அதை நான் முன்னமே பார்த்திருக்கிறேன். பாவம், போன வருஷம் கை நடுக்கத்தில் மாமா கோணலாகப் போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான் திருத்திப் போட்டதாக ஒரு பெருமை வேறு. அன்றைக்கு நின்று பார்த்தால், அந்தத் தடம் ஒரு இடத்திலும் கோணவில்லை. என் கோடுதான் அதற்குள்ளே இரண்டு எட்டு தள்ளி, அதே வளைவாக, சின்னதாகக் கிடந்தது. அந்தத் தடத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நடுங்கின கையோடு அந்த மனுஷன் நேராகப் போட்டிருக்கிறார். பழி போட்டவள் நான்.

கோச்சைக் கூப்பிட்டேன். இரும்பு டேப்பை வைத்து அளந்தார். கயிறு ஒன்றரை மீட்டர் சுருங்கியிருக்கிறது. அதனால் ஒரு சுற்றில் ஒன்பது மீட்டருக்கு மேல் குறைகிறதாம். அது எப்படி ஒன்றரை ஒன்பதாகும் என்று அவர் குச்சியால் மண்ணில் போட்டுக் காட்டினார், எனக்குப் புரியவில்லை. நீ படித்தவள், உனக்குப் புரியும். ஒன்பது மீட்டர் குறைவாக ஓடிவிட்டு நீ நானூறு ஓடியதாக எல்லோரும் கை தட்டியிருக்கிறோம். கோச் தரையில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்தத் துவைக்கிற புத்தி எங்கிருந்தும்மா வந்துச்சு என்றார். கோபமாகக் கேட்கவில்லை.

(நேற்று இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். எழுதுகிற விரல் மரத்துப் போய்விட்டது.)

கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கோச்சோடு முதல்வர் அறைக்குப் போனேன். பூட்டு சாரும் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். முதல்வர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, நீங்க சொல்லலேன்னா இது யாருக்கும் தெரியாதும்மா என்றார். அந்தப் பொண்ணுக்குத் தெரியலியே, அவ தன் காலைத் திட்டிக்கிட்டு உக்காந்திருக்காளே என்றேன். வேறு என்ன சொல்ல வருகிறது எனக்கு. பூட்டு சார் உடனே, அப்ப ஓட்ட அணிக்குப் போட்ட உத்தரவு செல்லாது என்றார். கோச், முகாம் தேர்வு முடியட்டும் சார், அங்க இருக்கறது சரியான மைதானம், அவ அங்க தகுதி நேரத்துல ஓடினா உத்தரவு செல்லும் இல்லையா என்று மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அப்படியே முடிவாயிற்று. தேர்வு வரைக்கும் பொறுப்பார்களாம். கோடு போட மட்டும் வேறு ஆள் பார்க்கிறார்களாம். அது நியாயம்தான், அதை நீ மனதில் போட்டுக்கொள்ளாதே. மாமாவின் தகரப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். தூசி இருந்தது, அதனால்தான்.

உனக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயத்தை இன்னும் சொல்லவில்லை பார். கோச் ஒரு கணக்குப் போட்டார். நீ இங்கே ஓடியதை முழு நானூறுக்கு நீட்டினால் ஐம்பத்தெட்டே முக்கால் வருகிறதாம். அங்கே நீ கடைசியாக ஓடியது ஐம்பத்தெட்டு சொச்சம், சொச்சமும் கொஞ்சம்தான் என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவ வேகம் குறையலம்மா, கூடியிருக்கு, அரை நொடி கூடியிருக்கு, அவ பொறந்ததுல இருந்து இவ்வளவு வேகமா ஓடினதே இல்ல என்றார். மூன்று தடவை திரும்பச் சொல்ல வைத்தேன். நீயும் மூன்று தடவை படி. உன்னைக் கேலி பேசுகிற பெண்களிடம் சொல்ல வேண்டாம், ஓடிக் காட்டினால் போதும்.

இன்னும் முக்கால் நொடி வேண்டுமாம். முக்கால் நொடி எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணைச் சிமிட்டிப் பார்த்தேன், இரண்டு மூன்று சிமிட்டல் வருகிறது. அதை என்னால் உனக்குக் கொடுக்க முடியாது. போன தடவை தெரியாமல் கொடுத்ததைத்தான் இப்போது திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

அணிக்காக ஓடாதே. அந்த ஆறு பேரும் நேற்று என் அறை வாசலில் வந்து உட்கார்ந்து, அவகிட்ட எங்களப் பத்தி ஒண்ணும் எழுதாதீங்க அத்தை என்றார்கள். எழுதிவிட்டேன். மாமாவுக்காகவும் ஓடாதே. அன்றைக்கு உன்னோடு அவர் ஓடவில்லை, என் சோப்புத் தூள்தான் ஓடியது. அதற்கு அவரே விழுந்து விழுந்து சிரித்திருப்பார். முன்பெல்லாம் ஓடி முடித்ததும் என் வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, தட்டில் இருப்பதைப் பிடுங்கித் தின்பாயே, அந்தப் பசிக்காக ஓடு.

இன்றைக்குக் காலையில் மைதானத்துக்குப் புதுக் கோடு போட்டேன். கடைசியாக ஒரு தடவை நானே போட்டுவிட்டுப் போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். கயிறு எடுத்துப் போகவில்லை. அந்தப் புல் முளைக்காத தடத்தின் மேலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஒரு இடத்திலும் நிற்க வேண்டியிருக்கவில்லை. முழுச் சுற்றும் அவர் பின்னாலேயே நடந்த மாதிரி இருந்தது. கோச் டேப்பை வைத்துப் பார்த்து, சரியா நானூறு என்றார்.

தேர்வு முடிந்து, எந்த நேரம் வந்தாலும், நேராக இங்கே வா. நான் அறையில் இல்லாவிட்டால் பயப்படாதே. கோச்சுக்கு இடம் தெரியும். உன் பழைய ஷூ, மாமா தைத்துக் கொடுத்தது, என்னோடுதான் இருக்கும். அதைத் துவைக்கவில்லை. துவைக்கவும் மாட்டேன்.

முழு நானூறையும் ஓடிவிட்டு வா என் தங்கமே. உன் கால் இரண்டும் நன்றாக இருக்கட்டும்.

உன் வருகைக்கு வாளியில் தண்ணீர் வைத்துக் காத்திருக்கும்,
அத்தை