நீ ருசி பார்க்கச் சொன்ன தம்பி

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதுவது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, தூங்கிக்கொண்டு, சௌக்கியமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும்தான், லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனிதர் படியேறித்தான் லிஃப்டிடம் போக வேண்டியிருக்கிறது என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார். எனக்கு ஒரு குறையும் இல்லை, பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் என்பதால் கடையில் யூனிஃபார்ம் சட்டை மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது, உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமில்லை. இந்த இரண்டு சேதியையும் எழுதிவிட்டு மூன்றாவதாகத் தம்பியும் நலம் என்று எழுதப் போனேன், பேனா நகரவில்லை. போனில் பேசலாமே என்பாய். போனில் நீ மீட்டிங் என்கிறாய், அப்புறம் கூப்பிடுகிறேன் என்கிறாய், அந்த அப்புறம் வருவதே இல்லை. போதாததற்கு இந்த வீட்டுச் சுவர் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும், இந்த அறையில் நான் தும்மினால் அடுத்த அறையில் அவன் மூக்கைத் துடைத்துக்கொள்வான். அவன் காதில் விழக்கூடாத விஷயம். அதனால்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து பொறுமையாகப் படி, நடுவில் போன் வந்தால் எடுக்காதே.

மூன்று வாரத்துக்கு முன் நான் சொன்னபோது நீ பாதிதான் கேட்டாய், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். ஹாஸ்டலில் யாரோ ஒருவனுக்குப் பிறந்தநாள். கட்டடம் வரையப் படிக்கப் போன பிள்ளைகள், முதல் வருஷம், ஒருத்தனுக்கும் கடையில் போய் வாங்குகிற வயசுகூட ஆகவில்லை, ஆனாலும் எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது. உன் கம்பெனி டப்பாவில் அடைத்து விற்கிற பழவாசனை மதுவோடு வேறு ஏதோ முரட்டுச் சரக்கைக் கலந்து குடித்திருக்கிறார்கள். இவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டான், வலது கை நாற்காலி முதுகுக்கு அந்தப் பக்கம் தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. விடிகிறவரைக்கும் அப்படியே. கூட இருந்தவர்கள் பார்க்கவில்லை என்று நினைக்காதே, பார்த்தார்கள், நன்றாகப் பார்த்தார்கள், போட்டோவே எடுத்திருக்கிறார்கள். தொங்குகிற கையில் உன் டப்பா ஒன்றைச் செருகி, விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து, விழுந்ததும் சிரித்து, அதையும் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அத்தனை பேரில் ஒரு பிள்ளைக்கு அந்தக் கையை எடுத்து மடியில் வைக்கத் தோன்றவில்லை. எழுந்தபோது மணிக்கட்டு தொங்கிவிட்டது. கை மரத்திருக்கிறது, உதறினால் சரியாகிவிடும் என்று இரண்டு நாள் உதறிக்கொண்டே இருந்திருக்கிறான். மூன்றாம் நாள் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தான். நான் தட்டு வைத்தேன், இடது கையால் ஸ்பூனைப் பிடித்தான். என்னடா புதுப் பழக்கம் என்று கேட்டேன், சும்மாதாம்மா என்றான். நாள் முழுக்கச் சட்டைக் கை தைக்கிறவள் நான், ஒரு கை சட்டைக்குள் எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியாதா. சட்டையைக் கழற்றச் சொன்னேன். அவனால் பட்டனைக் கழற்ற முடியவில்லை, நான்தான் கழற்றினேன், இந்த வயசில்.

நரம்பு டாக்டர் ஒரு அம்மாள், அப்பாவுக்குத் தெரிந்த கட்டடத்தில்தான் அவருடைய கிளினிக். மேல்கையில் எலும்பை ஒட்டி ஓடுகிற நரம்பு நசுங்கியிருக்கிறது, சுயநினைவோடு தூங்குகிறவனுக்கு வலித்து எழுப்பிவிடும், குடித்துவிட்டுக் கிடப்பவனுக்கு உடம்பு கூப்பிடுவது கேட்காது என்றார். பெரும்பாலும் சில மாதத்தில் திரும்பிவிடும், ஆனால் நிச்சயம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னால் நான் மாட்டேன் என்றார். அதோடு, நாற்காலியில் சாய்ந்தானே, அதற்குச் சந்தோஷப்படுங்கள், மல்லாந்து படுத்து வாந்தி எடுத்திருந்தால் கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்றும் சொன்னார். இதுவரை நீ கேட்டாய். காதில் வாங்காதது இனிமேல்தான். முதல் தடவை எப்போ குடிச்சே என்று அவர் இவனைக் கேட்டார். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஹாஸ்டலுக்குப் போய்த்தான் கெட்டான் என்று கேட்டு மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்று. இவன், பதினாறு இருக்கும் டாக்டர் என்றான். யார் கொடுத்தது என்றார். எங்க அக்கா அந்தக் கம்பெனியிலதான் வேல பாக்கறாங்க, புதுசா ஒண்ணு பண்ணும்போதெல்லாம் எனக்கு அனுப்புவாங்க, நான் டேஸ்ட் பாத்துச் சொல்லுவேன் என்றான். மார்க் சொல்கிற மாதிரி சொன்னான். டாக்டர் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்கு நான் என்ன பாவம் செய்தேன் என்று இன்னும் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன், எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னான், பெருமையாகவே சொன்னான். ஆபீஸ்ல இருக்கறவங்க நாக்கெல்லாம் பழகிப்போச்சாம்மா, அக்காவுக்குப் புது நாக்கு வேணுமாம் என்றான். புது நாக்கு. நான் பெற்றுப் பாலூட்டி வளர்த்த நாக்கு. தொண்டையில எரியுதாடா என்று நீ கேட்பாயாம், இல்லக்கா, ஜூஸ் மாதிரி வழுக்கிட்டுப் போகுது என்று இவன் சொன்னால் சபாஷ் என்பாயாம். கசப்பையும் எரிச்சலையும் தெரியாமல் செய்வதுதான் உன் வேலை என்று நீ சொன்னபோது அப்பா அதைக் கேட்டு, போகிற கட்டடத்தில் எல்லாம் என் பொண்ணு விஞ்ஞானி என்று லிஃப்டை நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் குடிப்பதற்குச் செய்கிறாய் என்றுதான் நாங்கள் நினைத்தோம். எரிச்சல் எதற்கு இருக்கிறது தெரியுமா, பிள்ளைகள் துப்பிவிடுவதற்குத்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அவர்கள் எதைப் பார்த்து நிறுத்துவார்கள். தம்பிக்கு நீ அனுப்புகிற சட்டை ஒவ்வொரு தடவையும் ஒரு அளவு பெரிதாக வரும். பாவம், தூரத்தில் இருக்கிறாள், தம்பி உடம்பு எப்படி வளர்ந்திருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் பக்கவாட்டைப் பிடித்துப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். இப்போதுதான் புரிகிறது, பெரிய சட்டையில்தானே டப்பாவைச் சுருட்ட வசதி. சுருட்டி ஒளித்து அனுப்பினாய் பார், அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. தெரியாமல் செய்தாள் என்று சொல்லிக்கொள்ளக்கூட நீ எனக்கு இடம் வைக்கவில்லை.

நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. நான் கொடுத்தது அஞ்சு சதவீதம்தாம்மா, அன்னைக்கு அவன் குடிச்சது வேற என்றாய். சரி, வேறதான். அந்த வேறதைக் குடிக்கிற துணிச்சல் அவனுக்கு எங்கிருந்து வந்தது. ஹாஸ்டலுக்குப் போன முதல் வாரம் ஒரு பிள்ளையும் இவனைச் சீண்டவில்லையாம், வாயைத் திறந்தால் நாலு வார்த்தைக்கு மேல் பேசத் தெரியாதவன்தானே. எங்க அக்காதான் இதைச் செய்யறா என்று ஒரு நாள் சொல்லியிருக்கிறான், அன்றைக்கே ராஜாவாகிவிட்டான். இவனுக்கு அங்கே என்ன பேர் தெரியுமா, சாம்பிள். டேய் சாம்பிள், சாம்பிள் இல்லாமல் எப்படிடா பிறந்தநாள் என்று அறைக்கு அறை இழுத்துப் போவார்களாம். உனக்கு அவன் நாக்கு, அவர்களுக்கு அவன் டப்பா. காலேஜ்ல எல்லாரும்தாம்மா குடிக்கறாங்க, நானும் குடிச்சேன், கெட்டா போயிட்டேன் என்றும் கேட்டாய். நீ கெட்டுப் போகவில்லை, நன்றாக இருக்கிறாய், நல்ல சம்பளம், நல்ல வீடு. ஆனால் உனக்கு அப்போது வயசு இருபத்திரண்டு. உனக்கு யாரும் வீட்டுக்கே தேடி வந்து, சபாஷ் சொல்லிச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதை மட்டும் யோசித்துப் பார்.

அவன் இப்போது எப்படி இருக்கிறான் என்று நீயாகக் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் பட்டை ஒன்று போட்டிருக்கிறது, அவன் சட்டைகளின் வலது கையை எல்லாம் பிரித்து ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்துவிட்டேன், இல்லாவிட்டால் நுழையாது. அப்பா வேலை முடிந்து வந்து, முழங்கால் வலியோடு கீழே உட்கார்ந்து, பிசியோதெரபி பையன் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு விரலாக நிமிர்த்திவிடுகிறார். அந்த மனிதர் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசினாலாவது நான் சண்டை போடலாம். வரைகிற பலகை மூலையில் சாத்தி வைத்திருக்கிறது. நேற்று இடது கையால் ஒரு கோடு போட்டுப் பார்த்தான், ஸ்கேலைப் பிடிக்க வலது கை வரவில்லை, ஸ்கேல் நழுவிக் கோடு எங்கேயோ போனது, காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். உன்னை நான் ஏதாவது சொன்னால் மட்டும் வீறாப்பாக எழுந்து வருகிறான், அக்காவத் திட்டாதே, அவ என்னைய நம்பித்தானே கேட்டா என்கிறான். அக்கா இத்தனை பேரை விட்டுவிட்டுத் தன் நாக்கை நம்பினாள் என்பது அவன் வாழ்க்கையிலேயே பெரிய கௌரவம். நான் என்ன சொன்னாலும் ஏறாது, நான் பழைய ஆள். நீ சொன்னால்தான் ஏறும். திங்கட்கிழமை ஹாஸ்டலுக்குத் திரும்பப் போகிறான், இதற்கு மேல் லீவு கிடையாது என்றுவிட்டார்கள். அதே அறை, அதே பிள்ளைகள். அதற்குள் நீ அவனைக் கூப்பிட்டு, உன்கிட்ட நான் அதைக் கேட்டிருக்கவே கூடாதுடா, அது தப்பு என்று உன் வாயால் சொல்ல வேண்டும். எனக்கு மன்னிப்பு வேண்டாம், அதை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன். அவனிடம் சொல்.

நேற்று இதுவரை எழுதி வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன், தபாலில் சேர்க்கவில்லை. நல்லதாயிற்று. மத்தியானம் வந்து பார்க்கிறேன், உன் பார்சல். நான் போனில் எல்லாவற்றையும் சொன்ன பிறகு போட்ட தேதி அதில் இருக்கிறது. ஆபீசில் யாராவது வழக்கம்போல அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், அப்படி நினைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. தம்பி அதை இடது கையில் தூக்கிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான், அவனுக்குத் திறக்காமலே தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே நின்றான். அப்புறம் நேராக என்னிடம் கொண்டுவந்து, இத நீயே என்ன வேணாலும் பண்ணிக்கோம்மா என்று நீட்டினான். நான் கேட்காமல், அவனாகவே. எனக்குத் தலைகால் புரியவில்லை. அழுதுவிட்டேன், அப்பாவுக்கு உடனே போன் போட்டேன், லிஃப்ட் மேலே ஏறி நின்றுகொண்டு அவரும் அழுதார். பிரித்தேன், சட்டை இந்தத் தடவையும் பெரிதுதான். டப்பாக்களை ஒவ்வொன்றாக உடைத்துப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கொட்டினேன். பழக்கடைக்குள் நுழைந்த மாதிரி வீடே மணத்தது, உன் வேலையில் குறை சொல்ல முடியாது.

இன்று காலையில் அவன் கையில் பட்டையை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, வேறு எதையோ கேட்கிற மாதிரி, அந்தப் பெட்டிய எங்கம்மா வெச்சே என்று கேட்டான். எங்கே வைப்பது, நேற்றே கொட்டிவிட்டேனே என்றேன். எல்லாத்தையுமா என்றான். ஒரு வார்த்தைதான். உடனே சிரித்து, சும்மாதாம்மா கேட்டேன் என்றான், தலையைக் குனிந்துகொண்டான், காது வரை சிவந்துவிட்டது. பட்டையின் வார் என் கையில் இருந்தது, எந்த ஓட்டையில் மாட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த எல்லாத்தையுமா என்ற குரலை மட்டும் ஒரு கவரில் போட்டு உனக்கு அனுப்ப முடியும் என்றால், இத்தனை பக்கம் எழுதியிருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கூப்பிடு. என்னை வேண்டாம், அவனை. நேரத்துக்குச் சாப்பிடு, ஆபீஸ் ஏசிக் குளிரில் காதை மூடிக்கொள். நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும், என் பிள்ளைகள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன்னைப் பெற்றவள்,
அவனையும் பெற்றவள்,
அம்மா.