குடும்பச் சூழ்நிலை காரணமாக

வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். பின்னால் வருவதைப் படிக்கும்போது உனக்குச் சந்தேகம் வரலாம் என்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். உன் இருமல் நின்றதா? பனியை அளக்கப் போனவள் அதை நெஞ்சுக்குள் வாங்கி வைத்துக்கொள்ளாதே.

இன்று கடைக்கு விடுமுறை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னல் வெயில் காகிதத்தின் பாதி வரைக்கும் வந்துவிட்டது. உனக்குக் கடைசியாகக் கடிதம் எழுதியது கல்யாணத்துக்கு முன்னால், இருபத்தொரு வருஷம் ஆகிறது. வாரம் மூன்று தடவை போனில் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் என் குரல் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, பிடிக்காவிட்டால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதலாம். இது மூன்றாவது தாள்.

குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது, நானே வாஷர் மாற்றினேன். எதிர்க்கடைத் தையல்காரர் உன்னை விசாரித்தார். வீட்டுக்காரம்மா வெளிநாட்டில் என்ன படிக்கிறார் என்று அவர் எல்லோரிடமும் கேட்டுக் கேட்டு, கடைசியில் என்னிடமே வந்தார். மொட்டை மாடியில் வலை கட்டி, மூடுபனியிலிருந்து தண்ணீர் பிடிக்கிற படிப்பு என்று சொன்னேன். மனிதர் ஊசியில் நூல் கோப்பதை நிறுத்திவிட்டார். மீன் பிடிக்க வலை கேள்விப்பட்டிருக்கேன், பனி பிடிக்க வலையா, யாரு காதுல பூ சுத்துறீங்க என்றார். அன்று மாலையே தெருமுழுக்கச் சொல்லிவிட்டார். இப்போது காய் வாங்கப் போனால்கூட, பனி டீச்சர் எப்ப வர்றாங்க என்றுதான் கேட்கிறார்கள்.

எனக்குப் பகலில் கண் அயர்கிற பழக்கம் வந்திருக்கிறது. போன வாரம் கடையில் ஆள் இல்லாத மதியத்தில் அப்படி அயர்ந்தபோது ஒரு கனவு. கடைக்குள் பனி வருகிறது. கதவைத் திறந்து வாடிக்கையாளர் மாதிரி, அவசரமில்லாமல் உள்ளே வருகிறது. முதலில் பார்வைப் பலகையின் கடைசி வரி மறைந்தது, அப்புறம் அதற்கு மேல் வரி, கடைசியில் தலையிலிருந்த பெரிய எழுத்தும் போய்விட்டது. சுவரில் மாட்டியிருக்கும் மூக்குக் கண்ணாடிகளெல்லாம் யாரோ மூச்சு விட்டதுபோல ஒவ்வொன்றாக மங்கின. நீ வந்தாய். ஒவ்வொரு கண்ணாடியாக எடுத்துத் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திரும்ப மாட்டிக்கொண்டே போனாய். இருநூறு கண்ணாடி இருக்குமே, எப்போது முடிப்பாய் என்று கேட்க நினைத்தேன். கேட்டால் போய்விடுவாயோ என்று கேட்கவில்லை. கண் விழித்தபோது எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் சங்கத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. நாட்டிலுள்ள கல்லூரிகளெல்லாம் உறுப்பினராகச் சேர்ந்து, இங்கிருந்து படிக்கப் போகிறவர்களை அனுப்பவும் அங்கிருந்து வருகிறவர்களை வரவேற்கவும் நடத்துகிற சங்கம் என்று மூன்று வருஷம் சாப்பிடும்போதெல்லாம் நீ சொன்னாய். நான் பாதிக் காதில்தான் வாங்கினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நம்ம காலேஜுக்கு பஸ்ஸே ஒழுங்கா வர்றதில்ல, இதுல வெளிநாடு வேறயா என்று உன் முதல்வர் சொன்னதும், அவரை நீ கரைத்துக் கரைத்து உறுப்பினர் படிவத்தில் கையெழுத்து வாங்கியதும், சேர்ந்த பிறகு முதல் வருஷம் ஒரு பிள்ளைகூட விண்ணப்பிக்காததும் ஞாபகம் இருக்கிறது. யாராவது ஒருத்தர் போய்க் காட்டினால்தானே அவர்கள் வீட்டில் நம்புவார்கள் என்று, நாற்பத்தாறு வயதில் நீயே விண்ணப்பம் போட்டாய்.

போகிறவர்களுக்குப் புறப்படும் முன் ஒரு கூட்டம் வைப்பார்களே, இந்த வருஷம் அவர்களை வழியனுப்பிவிட்டு வீட்டில் இருக்கப்போகிறவர்களுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் பேச வேண்டும் என்று செயலாளர் அம்மா போனில் கூப்பிட்டார். எனக்கென்ன தெரியும் பேச என்றேன். பத்து மாசமா தனியா இருக்கீங்கள்ல, அதைச் சொல்லுங்க போதும் என்றார். ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் தலைநகருக்குப் போனேன். சங்கத்தின் அலுவலகம் பழைய கட்டிடத்தில் மூன்றாவது மாடி. கூடத்துச் சுவர் முழுக்க ஒரு பெரிய உலகப் படம். உறுப்பினர் கல்லூரி ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டூசி, அங்கிருந்து யாராவது போயிருந்தால் அந்த ஊர் வரைக்கும் ஒரு நூல். பெரிய கல்லூரிகளிலிருந்து கத்தை கத்தையாகப் போகிறது. நம் ஊர்க் குண்டூசியிலிருந்து ஒரே ஒரு நூல். நீலம். கடலுக்கு மேலே யாரையும் தொடாமல், தன் பாட்டுக்குப் போகிறது. யாரும் பார்க்காதபோது விரலால் தொட்டுப் பார்த்தேன். லேசாக அதிர்ந்தது. அந்தப் பக்கம் உனக்குத் தெரிந்திருக்குமோ என்று ஒரு நிமிஷம் நின்றேன். பைத்தியக்காரத்தனம்தான்.

கூட்டத்துக்கு நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். அப்பா அம்மாக்கள், இரண்டு மூன்று மனைவிமார்கள், வீட்டுக்காரியை அனுப்பிவிட்டு இருக்கப்போகிறவன் என்று என்னைத் தவிர ஒருவருமில்லை. உன் மாணவிகள் இருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி நெட்டை, இன்னொருத்தி சதா சிரிக்கிறவள். நீ போனதைப் பார்த்துவிட்டு விண்ணப்பித்தவர்கள். நீ இருக்கும் ஊரிலேயே, உன் பல்கலைக்கழகத்திலேயே இருவருக்கும் இடம். டீச்சர் அங்க இருக்காங்கன்னு சொன்னதாலதான் எங்க வீட்டுல விட்டாங்க சார் என்று நெட்டைப் பெண் சொன்னாள்.

தையல்காரரோடு சேர்ந்து நாலு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மேடையில் ஏறிப் பையைத் துழாவினால், படிக்கிற கண்ணாடியைக் காணோம். கண்ணாடிக் கடைக்காரன் கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருக்கிறேன். அதையே சொன்னேன். கூடமே சிரித்தது. அதற்குப் பிறகு பயம் போய்விட்டது, வாயில் வந்ததைப் பேசினேன். முதல் மாதம் வீடு பெரிதாகிவிடும் என்றேன். மூன்றாம் மாதம் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்றேன். இங்கே மத்தியானம் ஆகும்போது அவளுக்கு அங்கே விடிகிறது, அதனால் எனக்கு ஒரு நாளில் இரண்டு தடவை பொழுது விடிகிறது, வேறு யாருக்கு இந்த பாக்கியம் கிடைக்கும் என்றேன். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. பின்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது ஒரு தகப்பனார் எழுந்தார். லாரி ஓட்டுகிறவர். ஒரு வருஷம்னு சொல்லிட்டுப் போற பொண்ணு, இன்னும் ரெண்டு வருஷம் இருக்கேன்னு கேட்டா என்ன சொல்றது என்று கேட்டார். நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கேட்குதேன்னு சந்தோஷப்படுங்க ஐயா என்றேன். எங்க வீட்டுல அப்படிக் கேட்டா, கேட்டு முடிக்கிறதுக்குள்ள சரின்னு சொல்லிடுவேன் என்றேன்.

ஒரே கைதட்டல். எனக்கே என்மேல் மதிப்பு வந்துவிட்டது. செயலாளர் அம்மா மட்டும் தட்டவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீ குடிக்கும்போது அவர் பக்கத்தில் வந்தார். நீங்க சொன்னதைக் கேட்டதும் எனக்குக் குழப்பமா இருக்கு சார் என்றார். பேராசிரியர் பரிந்துரை செய்து, பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டு, ஆராய்ச்சிப் பட்டத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் உனக்குக் கொடுத்ததையும், நீ வேண்டாம் என்று எழுதிவிட்டதையும் சொன்னார். எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்ததும் கையைப் பிசைந்தார். அவர்மேல் கோபப்படாதே, நல்ல மனுஷி.

என்ன காரணம் எழுதியிருக்கிறாள் என்று கேட்டேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக என்று எழுதியிருக்காங்க என்றார்.

டீச்சரம்மா, நம் குடும்பத்தில் இருப்பது நாம் இரண்டே பேர். நீ அங்கே இருக்கிறாய். அப்படியானால் அந்தச் சூழ்நிலை நான்தான்.

திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னலோரம். மழை வருவதுபோல் வெளிச்சம் சாம்பல் நிறத்தில் இருந்தது. மரங்கள், கம்பங்கள், துணி காயும் மாடிகள் எல்லாம் மெதுவாகப் பின்னால் போயின. ஒவ்வொரு மாடியிலும் நீ வலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது மாதிரியே இருந்தது. ஒரு மாடியிலும் நீ என் பக்கம் திரும்பவில்லை. மூன்று மணி நேரமும் ஒரே ஒரு போன் பேச்சைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும் என்று ஆரம்பித்தாய். நான் கேட்க விடவில்லை. பழக்க தோஷத்தில் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டேன் என்றேன். வீடு ரயில்வே காத்திருப்பு அறை மாதிரி இருக்கிறது என்றேன். காலண்டரில் நாட்களை அடித்துக்கொண்டே வருகிறேன் என்றேன். அப்புறம், ஆமாம் என்னமோ கேட்க வந்தியே என்றேன். ஒண்ணுமில்ல, மிக்ஸியைச் சரிபண்ணிட்டீங்களான்னு கேட்க வந்தேன் என்றாய். நான் மிக்ஸியைப் பற்றிக் கால் மணி நேரம் சந்தோஷமாகப் பேசினேன்.

அது மட்டுமில்லை. அதே வாரம் எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேனே, அப்போது எனக்குக் காய்ச்சல் இல்லை. மூக்கு கொஞ்சம் ஒழுகிற்று, அவ்வளவுதான். நீ கொஞ்சம் பதறினால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. நீ பதறினாய். எனக்கு இரண்டு நாள் இதமாக இருந்தது. இதை இங்கே எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய் என்று ஆகிவிடும்.

மேடையில் நின்று ஊருக்கு உபதேசம் செய்துவிட்டேன். வீட்டிலோ உன்னை வாய் திறக்கவிடவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. பேச்சு எப்படி என்று தையல்காரர் கேட்டதற்கு, பரவாயில்லை என்றேன்.

புதன்கிழமை செயலாளர் அம்மாவுக்குப் போன் செய்தேன். கதவு சாத்தியாயிற்றா என்று கேட்டேன். இன்னும் இல்லையாம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது, அதற்குப் பிறகுதான் அந்த இடம் அடுத்தவருக்குப் போகும். மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன் என்று நீ ஒரு வரி எழுதினால் போதுமாம். நான் எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அவங்கதான் எழுதணும், உங்களுக்காக வேண்டாம்னாங்க, இப்ப உங்களுக்காக வேணும்னும் எழுதக் கூடாது, அவங்களுக்காக எழுதட்டும் என்றார். நல்ல வாத்தியாரிடம்தான் மாட்டியிருக்கிறேன்.

அதனால் உனக்கு வேண்டாம் என்றால் வந்துவிடு. மனப்பூர்வமாகச் சொல்கிறேன். களைத்துப்போயிருந்தால், குளிர் ஒத்துக்கொள்ளாவிட்டால், அந்த வலைகளைப் பார்த்தாலே அலுப்பாக இருந்தால் தாராளமாக வா, ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன். ஆனால் இரண்டு பனிக்காலம் முழுசாக அளந்தால்தான் கணக்கு நேராகும் என்று நீதான் போன மாதம் சொன்னாய். சொல்லும்போது உன் குரல், வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்த குரல். அதைக் கேட்டும் நான் ஒன்றும் கேட்காதவன் மாதிரி இருந்தேன். அரைக் கிணறு தாண்டாதே. எனக்காகத் தாண்டாமல் நின்றாய் என்றால், கிணற்றுக்குள் விழுவது நான்தான்.

இங்கே கஷ்டமாக இல்லையா என்றால், இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன், அது போன தடவையோடு முடிந்தது. சில நாள் சாயங்காலம் கடையை மூடிவிட்டு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்பேன். ஆனால் அது என்னுடைய கஷ்டம். உன் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் போய் உட்கார அதற்கு வேலையில்லை. டிசம்பர் விடுமுறையில் நான் அங்கே வருகிறேன். விசாவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று செயலாளர் அம்மா ஒரு பட்டியலே கொடுத்திருக்கிறார். போட்டோ எடுத்துவிட்டேன். திருடன் மாதிரி விழுந்திருக்கிறது.

நாளைக் காலை உன் மாணவிகள் இருவரும் விமானம் ஏறப் போகிற வழியில் கடைக்கு வந்து இதை வாங்கிக்கொள்வார்கள். சிரிக்கிறவளுக்கு பவர் கூடியிருந்தது, புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்திருக்கிறேன். நெட்டைப் பெண் தைரியமாகப் பேசுகிறாள், ஆனால் கூட்டம் முடிந்ததும் படிக்கட்டில் அவள் அம்மாவின் கையை விடவே இல்லை. இருவரும் ஞாயிற்றுக்கிழமை உன் வாசலில் நிற்பார்கள். நீ இந்த வரியைப் படிக்கும்போது உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார்கள், டீச்சர் முகம் ஏன் இப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டு. அவர்கள் முன்னால் அழாதே, புதிதாக வந்த பிள்ளைகள், பயந்துவிடுவார்கள். முதலில் இருவருக்கும் சூடாக ஏதாவது குடிக்கக் கொடு. வீட்டுக்குப் போன் பேச வை. அவர்கள் தூங்கப் போன பிறகு உட்கார்ந்து, உனக்கு என்ன வேண்டும் என்று உன்னையே கேட்டு, அந்த ஒரு வரியை எழுதம்மா.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

உன்
கண்ணாடிக்காரன்