பன்னிரண்டாம் வரிசையில் அக்கா

மார்ச் 3

"டி.வி. ரிமோட்டைச் சுவத்தப் பாத்து அமுக்கினாலும் சேனல் மாறுதே, எப்படி சார்?" எட்டாம் வகுப்பில் ஒருத்தி கேட்டது இன்று நினைவுக்கு வந்தது. அது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், சுவரில் பட்டுத் திரும்பும் என்று கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக் காட்டினேன். அதே வகை வெளிச்சத்தை இப்போது ஊர் நாடக அரங்கத்தில் பயன்படுத்தப்போகிறோம். மேடைப் பேச்சை எமிட்டர் என்ற பெட்டி வெளிச்சமாக வீசும். காது மந்தமானவர் கழுத்தில் தொங்கும் ரிசீவர் அதைப் பிடித்து, ஹெட்போனில் குரலாகத் தரும். அரங்கக் குழுவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சும்மா இருப்பவன் நான்தான். பொறுப்பு என் தலையில்.

மார்ச் 5

அக்காவிடம் சொன்னேன். இருபதாம் தேதி அவள் மகள் முதன்முறையாகப் பெரிய வேடம் போடுகிறாள். "எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம் நான் சிரிக்கணும். அதுக்கு வீட்லயே இருக்கேன்டா." காது மந்தமானதிலிருந்து, மூன்று வருடமாக, எந்த நாடகத்துக்குக் கூப்பிட்டாலும் இதே பதில். ஒத்திகைக்கு மட்டும் வா என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன்.

மார்ச் 9

மேடையின் இரு பக்கமும் தோள் உயரத்தில் ஒவ்வொரு எமிட்டர். ரிசீவரை மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தேன். எங்கும் தெளிவு. "பரீட்சை ஹால்ல சுத்துற மாதிரியே சுத்துறீங்க சார். நான் காப்பி எதுவும் அடிக்கல" என்றார் எலக்ட்ரீஷியன், ஏணியில் இருந்தபடியே.

மார்ச் 14

ஒத்திகைக்கே நல்ல கூட்டம். அக்கா பன்னிரண்டாம் வரிசை. பத்தே நிமிடத்தில் ரிசீவரைக் கழற்றி என் மடியில் வைத்தாள். "விட்டு விட்டு வருதுடா. இனிமே என்னக் கூப்பிடாத." எழுந்து போய்விட்டாள்.

நான் நடந்து பாத்த அன்னிக்கு நல்லாத்தானே கேட்டுது —

மார்ச் 15

அதே பெட்டி, அதே அரங்கம். என்ன மாறியது?

மார்ச் 16

எலக்ட்ரீஷியனிடம் புலம்பினேன். "அன்னிக்கு எந்த சீட்ல உக்காந்து கேட்டீங்க?" என்றார்.

உட்காரவே இல்லை. முப்பத்தாறு வருடம் வகுப்பில் நின்றே பழகிய கால். காலி அரங்கத்தில் நின்றவனுக்கு எதுவும் குறுக்கே வரவில்லை. உட்கார்ந்த அக்காவுக்கு முன்னால் பதினோரு வரிசைத் தலைகள். நெட்டையன் முன் பெஞ்சில் இருந்தால் பின்னால் இருப்பவனுக்கு போர்டு தெரியாது என்று எத்தனை பேரை இடம் மாற்றியிருப்பேன். எனக்கே தோன்றவில்லையே.

மார்ச் 17

எமிட்டர் இரண்டையும் கூரையோரம் ஏற்றி, இருக்கைகளைப் பார்த்துக் கீழே சாய்த்தோம். ஒன்று மறைந்தாலும் மற்றது படும். எலக்ட்ரீஷியனும் ஆட்களும் எனக்கு முன்னால் உட்கார, நானும் உட்கார்ந்து உட்கார்ந்து கேட்டேன், கடைசி வரிசை வரை. முழங்கால் விண்விண் என்கிறது.

மார்ச் 18

தப்பு என்னுடையது என்று அக்காவிடம் சொன்னேன். "நீயா ஒத்துக்கிற?" என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

மார்ச் 20

வந்தாள். அதே வரிசை, கழுத்தில் ரிசீவர்.

இரண்டாம் காட்சியில் அவள் மகள் முதுகைக் காட்டியபடி ஏதோ முணுமுணுத்தாள். எங்கள் வரிசையில் அக்கா மட்டும் சிரித்தாள். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னக்கா சொன்னா?" என்றேன்.

"பேசாம பாருடா."

நாளை குழுவின் நோட்டில் எழுத வேண்டியது: முன்னால் ஆட்களை உட்காரவைத்து, நீங்களும் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.