இறுதி ஆட்டமும் மாமியின் விமானமும்

2005 யூன் 4, சனி

சிரித்துச் சிரித்து விலா நோகிறது. வேலையிடத்து நோரீன், தன் ஐரிஷ் பெண்கள் அணிக்கு ஆள் குறைகிறது என்று என்னைப் பார்க்குக்கு இழுத்துப்போனாள். விளையாட்டுக்குப் பெயர் ஹர்லிங். பெரிய அகப்பை போல ஒரு மட்டை, சின்னத் தோல் பந்து. முதல் பந்தை விளாசினேன் பார், மரத்துக்கு மேலால் போனது! உடனே மட்டையை எறிந்துவிட்டு ஓடத் தொடங்கிவிட்டேன். மன்னாரில் பள்ளிக்கூடத்தில் எல்லே என்கிற மட்டைப்பந்து விளையாடியவளுக்கு வேறு என்ன தெரியும்? அடித்தால் மட்டையைப் போட்டுவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். இங்கே மட்டையோடு பந்துக்குப் பின்னால் ஓட வேண்டுமாம். நான் தனியாகச் சுற்றி ஓட, எல்லாரும் புல்லில் விழுந்து சிரிக்கிறாளவை.

யூன் 18

இன்றைக்கும் மட்டையைப் போட்டேன். இரண்டு தரம். நோரீன் தலையில் அடித்துக்கொண்டாள்.

யூலை 9

கோல்! நான் அடித்தேன்! ஒட்டாவாக்காரிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். என் மனுசன் ஜெராட் எங்கள் மகள் ஜெசிக்காவைத் தோளில் வைத்துக்கொண்டு குதித்தார். அவள் "அலே மமோ! அலே மமோ!" (விடாதே அம்மா!) என்று பிரெஞ்சில் தொண்டை கிழியக் கத்தினாள். செயின்ட்-மிஷேலில் எங்கள் வீடு வரைக்கும் பஸ்ஸில் பாடிக்கொண்டே வந்தோம். எனக்கு வயது முப்பத்திரண்டு என்று யார் சொன்னது?

யூலை 27

ஜெராட்டின் அம்மாவுக்கு விசா வந்துவிட்டது. மனுசன் அழுதேவிட்டார். அல்போன்சம்மா மாமியை நான் நேரில் கண்டதே இல்லை. கல்யாணம் இங்கே நடந்தது. போனில் அந்தக் குரல் மட்டும்தான் தெரியும்: "பிள்ளை, பூசைக்கு ஒழுங்காப் போறனியோ?" நான் அடக்கமான பிள்ளை என்று மகன் சொல்லி வைத்திருக்கிறார். பாவம் மாமி.

ஓகஸ்ட் 10

மாமி இறங்குவது இருபதாம் திகதி பின்னேரம். கனடாச் சம்பியன் இறுதி ஆட்டம் அதே இருபதாம் திகதி மத்தியானம். மாதாவே, வேற நாளே கிடைக்கேல்லையே?

ஜெராட் சொன்னார்: "அம்மா முதன்முதல் காணப்போறா. நீர் அங்க நிக்கவேணும்." பேந்து அவரே, "விளையாட்டையும் விடாதையும்" என்கிறார். என்னை ரெண்டாக் கிழிக்கிறதோ?

ஓகஸ்ட் 17

விளையாடுகிறேன். முடிந்த கையோடு விமான நிலையத்துக்கு ஓடுவேன். மாமி என்னவும் நினைக்கட்டும் — ஐயோ, நினைக்கக் கூடாது.

ஓகஸ்ட் 20

வெண்டிட்டம்! வெண்டிட்டம்! ரொறன்ரோக்காரரை ஒரே ஒரு புள்ளியால வெண்டிட்டம்!

கடைசி நிமிடத்தில் ஒருத்தியின் முழங்கை என் கண்ணில் இறங்கியது. கண் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிவிட்டது. குளிக்க நேரமில்லை. சேற்றுக் காலோடும் பச்சைச் சட்டையோடும் டோர்வால் விமான நிலையத்தில் போய் நின்றேன். மாமி சாமான் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தா. என் தோளுக்கும் வரமாட்டா. மகனைக் கட்டிப்பிடிக்கக் கையை விரித்தவ, என் முகத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டா. மாமி ஜெராட்டின் பக்கம் திரும்பினா. கைப்பையால் ஒரு போடு!

"பொம்பிளைக்குக் கை நீட்டுறியோடா? இதுக்கோ உன்னைப் பெத்தனான்?"

"ஐயோ அம்மா, நானில்லை!" என்று ஜெராட் வண்டிலைச் சுற்றி ஓடுகிறார், மாமி துரத்துகிறா. சொல்லி விளக்க எனக்குச் சிரிப்பு விடவில்லை. அழுகையும் வந்தது.

ஓகஸ்ட் 21, ஞாயிறு

காலையில் மாமி என் கண்ணுக்கு ஒத்தடம் கொடுத்தா. "உண்மையா அவன் இல்லையோ?" என்று திரும்பவும் கேட்டா.

"இல்லை மாமி. விளையாட்டிலதான்."

"அடுத்த விளையாட்டு எப்ப?"

"வாற வருசம், மாமி. ரொறன்ரோவில."

"நானும் வாறன். அந்த முழங்கைக்காரியை எனக்கு ஒருக்காக் காட்டு."