அவர் பக்கத்தில் உன் பெயர்

உன் லேப்டாப்பைத் திறந்தால் இன்னும் கருவாட்டு வாடை அடிக்கிறது. லைட்ஹவுஸ் குப்பத்தில், உன் அம்மா மீன் காயவைக்கும் இடத்திலேயே உட்கார்ந்து வேலை செய்தவளாயிற்றே நீ. கீபோர்டு இடுக்கில் மணல் இருக்கிறது. துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

"இன்னிக்கு யாரு பாடு?" என்ற சின்னப் பெட்டியை இதில்தான் செய்தாய். ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று ஊர் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும்; அந்த முறைதான் பாடு. அதைத்தான் பெட்டி காட்டும். நீ தந்த ஒரே ஒரு வரியை ஒட்டினால் போதும், யாருடைய வலைப்பூவிலும் அது தெரியும். "பாடு லிஸ்ட்டுல பொம்பள பேரு வராதுடி. பொட்டிக்குக் கீழயாவது எம் பேரு இருக்கட்டும்" என்றாய். நீ கேட்டது அவ்வளவுதான்.

பழவேற்காட்டில் பறவை பார்க்க வருகிறவர்களுக்காக வலைப்பூ நடத்துகிறாரே, அந்த மனிதர் பெட்டியை ஒட்டிக்கொண்டு உன் பெயரை மட்டும் வெள்ளைப் பட்டை போட்டு மறைத்தார். ஊர்க்காரர்களும் பாடு பார்க்க அவர் பக்கத்தையே திறக்கப் பழகிவிட்டார்கள். நீ போய்க் கேட்டதற்கு, "இன்னாம்மா, இதுக்குப் போயி" என்று சிரித்தார். அப்புறம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. உன் காரியத்துக்கு வந்தவர், உன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து, "நான் பண்ண பொட்டிக்கு லிஸ்ட் அடிச்சுக் குடுத்த பொண்ணு, பாவம்" என்றார்.

பெட்டி அவர் வலைப்பூப் பக்கத்தில் தெரிந்தாலும், அது இருப்பது நம்மிடம்தான். இங்கே மாற்றினால் அங்கே மாறும். பாவம், அது அவருக்குத் தெரியாது.

அவர் பக்கத்தில் மட்டும் பாடு லிஸ்ட்டை மாற்றிக் காட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரே இடத்துக்கு இரண்டு கூட்டம் போகும், அடித்துக்கொள்ளும், பிறகு எல்லோரும் அவர் கதவைத் தட்டுவார்கள். எழுதியும் முடித்துவிட்டேன். அந்தத் தகராறில் உன் நைனாவின் படகும் மாட்டும் என்று தோன்றியதும் அழித்தேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே.

இப்போது பாடு சரியாகவே வருகிறது. அதற்கு மேலே, அவர் பக்கத்தில் மட்டும், பெரிய சிவப்பு எழுத்தில் உன் பெயர். அடுத்த வரி: 'இதைச் செய்தவள் இவள். பெயரை மறைத்தவர் இந்தப் பக்கத்துக்காரர்.'

மறுநாளே போன் வந்தது. "அந்த வரிய எடுத்துடும்மா, மானம் போவுது."

"நீங்க பண்ண பொட்டிதானே சார்? நீங்களே எடுங்க."

பெட்டியையே பக்கத்திலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார். "பொட்டி எங்கப்பா? நீதானே பண்ண, இன்னொண்ணு போடு" என்று மத்தியானத்துக்குள் ஊரில் ஆளாளுக்கு அவரைப் பிடித்துக்கொண்டார்கள். சாயங்காலம் பெட்டி திரும்ப வந்தது, உன் பெயரோடு.

பாஸ்வேர்டு என்னிடம்தான் இருக்கிறது. தினமும் காலையில் அன்றைய பாடு லிஸ்ட்டை ஏற்றிவிட்டு அவர் பக்கத்தைத் திறக்கிறேன். உன் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் பொன்னேரி பஸ் ஏறுகிறேன்.