மல்லிகைக்கான கட்டம்

புதன், இரவு.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் வாசனைகளை நிறக் கட்டங்களாகக் காட்டும் சுவரொட்டி என் பொறுப்பு. மல்லிகைக்கு மட்டும் நிறம் பிடிபடவில்லை. வண்ண அட்டைகளோடு சிராங்கூன் ரோட்டுப் பூக்கடைக்குப் போனேன். தொங்கிய மாலைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து, அட்டையோடு ஒப்பிட்டேன். மூன்றாவதில் கடைக்கார அக்கா பார்த்துவிட்டார்.

“கோயில் மாலைம்மா அது. மோந்தத சாமிக்குப் போட முடியாது.”

திட்டவில்லை. கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வேறு கட்ட உட்கார்ந்தார்.

“மத்த ரெண்டையும் மோந்தீங்களா?”

“இல்லக்கா.”

அந்த இரண்டும் ஆறு மணி பூஜைக்குப் போய்விட்டன. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

கிளம்பும்போது ஒரு முழம் மல்லிகையைக் கையில் வைத்தார். “இது உங்களுக்கு. நல்லா மோந்து பாருங்க, லா.”

மேசையில்தான் இருக்கிறது. இன்னும் முகரவில்லை. சுவரொட்டியில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது.